செயலி இழந்துள்ளது

மேலப்பட்டி, திருமங்கலம் தாலுகா
ஆனி மாதம், புதன்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடித்தது

அன்புள்ள மருமகள் சுபலட்சுமிக்கு உன் மாமா பேயாண்டி தன் கையாலேயே எழுதுவது.

முதலில் என் எழுத்தை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனால் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. சில எழுத்து பூசணிக்காய் போலவும் சில எழுத்து எறும்பு போலவும் வந்திருக்கிறது. ல, ள, ழ வருகிற இடங்களில் நான் பேனாவை ஊன்றிக்கொண்டு யோசித்திருப்பேன். அங்கெல்லாம் தாள் அழுந்தியிருக்கும். நீ வேகமாகப் படிக்காதே. நான் எழுதிய வேகத்திலேயே படி.

இங்கே நானும் உன் அத்தையும் சுகமாக இருக்கிறோம். மாடு சினை பிடித்திருக்கிறது. போன வாரம் அடித்த காற்றில் முருங்கைப் பூ எல்லாம் உதிர்ந்துவிட்டது. மேலத் தெரு அழகுபாண்டி மகளுக்கு ஆவணியில் கல்யாணம், உனக்கும் பத்திரிகை வரும்.

இது என் ஆயுசில் நான் எழுதுகிற முதல் கடிதம். எழுத்தறிவு மையத்தில் கனகலட்சுமி டீச்சர் எல்லோரையும் ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னார். தெருவிளக்குக் கேட்டுக் கலெக்டருக்கு எழுதியவர்கள்தான் அதிகம். நான் யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டபோது மருமகளுக்கு என்றேன். மாமனார் எங்கேயாவது மருமகளுக்குக் கடிதம் எழுதுவாரா என்று வகுப்பே சிரித்தது. என் தங்கச்சி மகளுக்கு எழுதுகிறேன், அவள் மருமகளாகவும் இருந்தால் நான் என்ன செய்யட்டும் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை. இது வீட்டுச் சேதி. சந்தேகமான சொல்லை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய்க் காட்டிக் கேட்டு வந்தேன்.

திங்கட்கிழமை நான் உனக்குப் போன் செய்தேன் அல்லவா, அன்று உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது.

அன்று புதுக் கண்ணாடி வாங்க நானும் உன் அத்தையும் காளவாசலுக்குப் போயிருந்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஆத்தா, ஊர் முழுவதும் எழுத்தாக இருக்கிறது. இத்தனை நாளும் அதன் நடுவில்தான் நடந்திருக்கிறேன். பஞ்சர் கடை, பல் ஆஸ்பத்திரி, சூடான பருத்திப்பால், வாடகைப் பந்தல் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். ஒரு சுவரில் இருந்ததை முழுவதும் நின்று படித்தேன். இங்கே நிற்காதீர்கள் என்று இருந்தது. உன் அத்தை என் கையைப் பிடித்து இழுத்து, கடைக்காரன் எவனும் பேரைக் கழற்றிக்கொண்டு போய்விட மாட்டான், நாளைக்கும் இருக்கும், வா என்றாள்.

பணம் எடுக்கிற மிஷினுக்குப் போனோம். கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதல் சொல் இயந்திரம். அடுத்த சொல் நீளமாக இருந்தது. நீளமான சொல்லை உடைத்து உடைத்துப் படிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். உடைத்தேன். செ, ய, லி. செயலி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொங்கலுக்கு நீ வந்தபோது என் போனில் அந்தப் பஸ் பார்க்கிறதைப் போட்டுக்கொடுத்து, ஆப் என்றால் தமிழில் செயலி மாமா, என் வேலையே இதைச் செய்வதுதான் என்று சொன்னாயே. உன் சொல் காளவாசலில் ஒட்டியிருக்கிறது என்று உன் அத்தையிடம் காட்டினேன். பிறகு மிச்சத்தைப் படித்தேன். ழ, ந், து, ள், ள, து. எழுதியவர்கள் ஓர் 'இ'யை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இழந்துள்ளது. செயலி இழந்துள்ளது.

எனக்குத் தெரிந்த செயலி ஒன்றுதான். திருமங்கலம் வண்டி எங்கே வருகிறது என்று மஞ்சள் புள்ளி நகர்ந்து காட்டுமே, அதுதான். சில மாதமாகவே அந்தப் புள்ளி நகராமல் நின்றிருந்தது. எங்கள் ஊரில் நெட் கிடைக்கவில்லை என்று இருந்துவிட்டேன். இப்போது பார்த்தால் ஊரறிய எழுதியே ஒட்டிவிட்டார்கள். அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன்.

"ஆத்தா, ஒன் செயலிய இழந்துட்டாகளாமே, இங்க மிசின்ல எழுதி ஒட்டிருக்கு" என்றேன்.

"ஒங்களுக்கு யாரு மாமா சொன்னது?" என்று கேட்டாய். அப்புறம் அழுதாய்.

நீ போனை வைத்த பிறகு, நான் முகத்தைத் துடைப்பதைப் பார்த்து வாட்ச்மேன் பக்கத்தில் வந்து என்ன அய்யா என்று கேட்டார். தாளைக் காட்டினேன். "மிசின் வேல செய்யலங்கிறத அப்படி எழுதிருக்காங்கய்யா. செயல் தனி, இழந்துள்ளது தனி" என்றார். படித்தது தப்பு. ஆனால் சேதி மட்டும் எப்படியோ சரியாக இருந்துவிட்டது. நான் சரியாகப் படித்திருந்தால் உன்னிடம் கேட்டிருக்கவே மாட்டேன். நீயும் சொல்லியிருக்க மாட்டாய்.

நீ சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். தப்பிருந்தால் திருத்து. நீ பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தபோதே அந்தப் பஸ் செயலியை மூடுவது என்று உன் கம்பெனியில் முடிவு செய்துவிட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு செயலியை இனி யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், போனிடம் வாயால் கேட்டால் போதும், அதுவே பார்த்துச் சொல்லும், இனி அதற்குத்தான் வேலை என்கிறார்கள். உன்னையும் அந்த வேலைக்குத் திரும்பி வரச் சொல்கிறார்கள். வருகிறாயா இல்லையா என்று வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ பிள்ளையோடு வீட்டில் இருந்த காலத்துக்குள் தொழிலே மாறிவிட்டது. உனக்குக் கீழே வேலை பழகியவர்கள் பேசுவது உனக்கே புரியவில்லை. படிக்கலாம் என்று உட்கார்ந்தால் பிள்ளை அழுகிறது. பிள்ளை தூங்கினால் உனக்கும் கண் சொருகுகிறது. அதனால் வேலையை விடுகிறேன் என்று மெயில் எழுதி வைத்துவிட்டாய். அனுப்புவதுதான் பாக்கி.

இதையெல்லாம் கேட்டு நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தில்தான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆபீஸ்காரர்கள் உன்னை வீடியோவில் கூப்பிட்டுப் பேசியதையும், அவர்கள் பேச்சு பிடிபடாமல் நெட் சரியில்லை என்று சொல்லி நீயே அணைத்துவிட்டதையும் நீ சொன்ன இடம் அது. "எழுத்துத் தெரியாதவ மாதிரி முழிச்சுக்கிட்டு இருந்தேன் மாமா" என்றாய்.

அன்று நான் சொல்லாமல் வைத்தது இதுதான். மாட்டுத்தாவணியில் நான் இத்தனை வருசமாக எப்படிப் பஸ் ஏறினேன் என்று உனக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவரிடம், "தம்பி, கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன், இது எந்தூருக்குப் போற வண்டி?" என்று கேட்பேன். அப்போது என்னிடம் கண்ணாடியே கிடையாது. பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும், உன் கல்யாணப் பத்திரிகையைச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்த அச்சுக் கடையிலும், நான் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவன்தான். நெட் சரியில்லை என்று நீ சொன்னாயே, அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உன் ஆபீஸில் யாருக்கும் தெரிந்திருக்காது.

என்னை யாரும் விரட்டியதும் இல்லை. பாவம், பெரிய மனுசர் என்று எல்லோரும் படித்துச் சொல்வார்கள். நல்லவர்கள். அவர்கள் படித்துச் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே கிழவனாகிவிட்டேன்.

மறுநாள் உன் வீட்டுக்காரன் பாண்டி என்னோடு பேசினான். "பாவம்ப்பா, ரொம்ப ஓஞ்சு போயிட்டா. வேல கெடக்கு, கொஞ்ச காலம் வீட்ல இருக்கட்டும்" என்றான். அவன் உன் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறான். அவனை நான் குறை சொல்லவில்லை. அவனும் பாவம் என்ற அந்தச் சொல்லைச் சொன்னான் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

இனி நல்ல சேதி. உனக்குப் படிக்க நேரமில்லை. எனக்கு நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. எழுத்தும் கையில் வந்துவிட்டது. ஆகையால் உனக்காக நான் படிப்பது என்று செவ்வாய்க்கிழமை முடிவு செய்தேன். மொக்கைச்சாமி டீக்கடைக்கு வருகிற பேப்பரில் வெள்ளிக்கிழமை தோறும் போன், கம்ப்யூட்டர் சமாச்சாரத்துக்கு என்றே ஒரு பக்கம் வருகிறது. வடை மடிக்க வைத்திருந்த பழைய கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைப் பேப்பர்களை மட்டும் பொறுக்கி எடுத்தேன். மொக்கைச்சாமிக்கு முதலில் அது பிடிக்கவில்லை.

"மாப்ள, நீ வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தப் போனு பழசாப் போயிரும்" என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் மறுநாள் நான் வாசிக்கும்போது அவன் பாய்லரை விட்டுவிட்டு வந்து நின்று, அப்புறம் என்ன ஆச்சு என்று கதை கேட்பது போலக் கேட்டான்.

மடிக்கிற போன் வந்திருக்கிறது. விரித்தால் சிலேட்டு அகலம், மடித்தால் வெற்றிலைப் பெட்டி. நெட் இல்லாவிட்டாலும் யோசிக்கிற மாதிரி போனுக்குள்ளேயே மூளையை வைக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லைத் தாண்டுவதற்கு முதல் நாள் எனக்கு ஒரு டீ முழுதாகச் செலவாயிற்று. எல்லாப் பேப்பரிலும் அதே வருவதால் இப்போது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தனித்தனிச் செயலிகளின் காலம் முடிகிறதா என்று உன் சேதியும் ஒரு பேப்பரில் வந்திருக்கிறது. அதை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் இருக்கும் எண்ணெய்க் கறை வடையால் வந்தது.

அடுக்கி வைத்துப் படித்ததில் ஒன்று தோன்றியது. சித்திரை மாதப் பேப்பரில் இனி எல்லாம் இதுதான் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒன்றை வைகாசிப் பேப்பரில் காணவே காணோம். வேறொன்றைப் போட்டு இனி எல்லாம் இதுதான் என்கிறார்கள். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. இருந்தாலும், அவர்களும் இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று அந்தப் பேசுகிற போனையும் சோதித்துப் பார்த்தோம். என் போனிலேயே அது இருக்கிறதாம், மொக்கைச்சாமிதான் எடுத்துக் கொடுத்தான். திருமங்கலம் வண்டி வர எம்புட்டு நேரமாகும் என்று கேட்டேன். அது கொஞ்சம் சுற்றிவிட்டு, திருமங்கலத்தில் புட்டு விற்கிற கடைகளைப் படத்தோடு காட்டியது. எம்புட்டு என்பது அதற்கு என் புட்டு என்று கேட்டிருக்கிறது. "பரவால்ல மாப்ள, வயித்தறிஞ்சு பேசுது" என்றான் மொக்கைச்சாமி. மறுபடியும் கேட்டேன். தேங்காய்ப் பூ தூவிய புட்டாகக் காட்டியது.

போனுக்கு நம் பேச்சைப் புரிய வைப்பதுதானே உன்னைக் கூப்பிடுகிற வேலை? அந்த ஆபீஸில் எம்புட்டு தெரிந்த ஆள் ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரி. இல்லையென்றால் எங்களுக்கு வண்டி வராது, புட்டுதான் வரும்.

என் வேலையை நான் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் எனக்குப் புரிகிற சொல்லெல்லாம் உனக்கு முன்பே தெரிந்ததாக இருக்கும். எனக்குப் புரியாத சொல்தான் உனக்கு வேண்டியது. அதனால் புரியாததை மட்டும் பார்த்து எழுதி அனுப்புவேன். நிறைய வரும், பயப்படாதே. எது குப்பை, எது படிக்க வேண்டியது என்று நீ பார்த்ததும் தெரிந்துகொள்வாய்.

வியாழக்கிழமை வரை எழுதியதை உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பாண்டியைப் பற்றி எழுதிய இடத்தைத் தாண்டிவிட்டேன். மகனைச் சொன்னால் பொறுக்க மாட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாதது அந்த ஓர் இடத்தில் வசதியாகப் போயிற்று. வகுப்புக்கு வா என்று எவ்வளவோ கூப்பிட்டேன். வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும் என்று சொல்லிவிட்டவள் அவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ பேப்பர் வாசிச்சா அங்க பிள்ள அழுகைய நிப்பாட்டிருமா?" என்றாள்.

நான் தாளை மடித்துக் கீழே வைத்தேன்.

"அவ படிக்கணும்னா பிள்ளைய ஒருத்தி தூக்கணும். அம்புட்டுத்தான? நான் போறேன்" என்றாள். எழுந்து போய்ப் பையை உதறினாள்.

போன தடவை பெங்களூருக்கு வந்தபோது லிஃப்டுக்குப் பயந்து படியிலேயே ஏறி இறங்கி முழங்கால் வீங்கித் திரும்பியவள். இனி அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொன்னதும் அவள்தான். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. என் தங்கச்சி இருந்திருந்தால் உன்னைக் கேட்காமலே வந்து இறங்கியிருப்பாள். இதை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் உனக்குக் கொண்டுவரப் பூண்டு உரிக்கும்போது அத்தை அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

நானும் வந்திருப்பேன். மாடு சினையாக இருக்கிறது, ஆடி மாதம் எனக்குப் பரீட்சை. என் சாப்பாட்டை நினைத்து நீ கவலைப்படாதே. சோறு வடிக்கத் தெரியும். குழம்புக்கு மொக்கைச்சாமி வீடு இருக்கிறது.

இன்று சனிக்கிழமை. தபாலில் போட்டால் இது திங்கட்கிழமைக்குள் வந்து சேராது. ஆகவே உன் அத்தையிடமே கொடுத்து அனுப்புகிறேன். சாயங்காலம் மாட்டுத்தாவணிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பஸ் ஏற்றிவிடுவேன். ஞாயிறு காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில் என்று பாண்டியிடம் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டான். பேத்தியைப் பார்க்க அம்மாவுக்கு ஆசை என்றேன். அதுவும் உண்மைதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்தத் தாளை உன் கையில் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் பையை இறக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் நீ இதைப் படிக்கும்போது அவள் உன் எதிரில்தான் நிற்பாள். உட்காரச் சொல். முழங்கால் தாங்காது. அவளுக்குக் காலையில் காபி வேண்டும், டீ குடிக்க மாட்டாள். லிஃப்டில் முதல் சில தடவை கையைப் பிடித்துக்கொள். பையில் பூண்டும் கருப்பட்டியும் முருங்கைக் கீரைப் பொடியும் இருக்கின்றன. எல்லாம் உனக்குத்தான், பாண்டிக்குக் கொடுத்துத் தீர்த்துவிடாதே.

வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை ஆத்தா. அது உன் தொழில், உன் முடிவு. படித்துப் பார்த்துவிட்டு, எனக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்லி வேலையை விட்டால் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். புரியவில்லை என்று விடாதே. அந்த ஒன்றுக்காக மட்டும் விடாதே. நாளைக்கே எல்லாம் புரிந்துவிட வேண்டும் என்றும் இல்லை. வருகிறேன் என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு மெதுவாகக் கூட்டிப் படி.

இதை மடித்து வைத்துவிட்டுப் பிள்ளையை அத்தை கையில் கொடு. அத்தை முகம் மறந்திருக்கும், அழும். அழட்டும், கொடு. நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார். அத்தை கதவைத் தட்ட மாட்டாள்.

உன் பிள்ளையும் நீயும் நோய் நொடி இல்லாமல் நல்லா இருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைப் பேப்பர் வந்ததும் புரியாத சொற்களோடு எழுதுகிறேன். அதில் உன் அத்தைக்கும் இரண்டு வரி இருக்கும். நீதான் அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மாவோடு கூடப் பிறந்த மாமன்
பேயாண்டி